லோயிஸ் ஹார்மனின் வம்சம்

மிச்சம், லண்டன்
9 பெப்ரவரி 2003

அன்புள்ள பெரியக்காவுக்கு,

ஆண்டவர் காப்பாற்ற நானும் வேதவல்லியும் மாலினியும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி? வேதவல்லி கொடுத்துவிட்ட தைலம் உடையாமல் வந்து சேர்ந்ததா என்று நீங்கள் இன்னும் எழுதவில்லை.

தொலைபேசியில் கதைக்கலாமென்றால், மானிப்பாய்ச் சந்திக் கொமினிக்கேசன் கடையில் ஊரே காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறது என்கிறீர்கள். இது ஊர் கேட்கக்கூடிய விஷயமல்ல. ஆகவே எழுதுகிறேன்.

போன கிழமை சாப்பாட்டு மேசையில் மாலினி, "அப்பா, நான் ரதீசனைத்தான் கட்டப்போறன்" என்றாள். பசிக்கிறது என்பதைப் போலச் சொன்னாள். ரதீசன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பகுதியில் வேலை செய்கிறான். தகப்பன் யோகலிங்கம், ட்ராம் நிறுத்தத்தடியில் கடை வைத்திருக்கிறார். எங்கள் வீட்டுப் பாலும் பேப்பரும் அங்கேதான். நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் சைவ சமயம் என்பதும் எனக்குப் பிரச்சினை இல்லை. வேதவல்லியின் தம்பியும் சைவப் பெண்ணைத்தானே முடித்தான்.

ஆனால் ஊர் எது என்று கேட்டால் எங்கள் பக்கத்து நாவலடி ஒழுங்கை என்கிறார். நான் இருபத்திரண்டு வயதில் வெளிக்கிட்டவன். எந்தப் பகுதி ஆட்கள் என்று மெதுவாக விசாரித்து எழுதுங்கள். நான் என்ன கேட்கிறேன் என்று உங்களுக்கு விளங்கும்.

இரண்டாவது, எங்கள் பூட்டி. அப்பாவின் அப்பம்மா அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த வெள்ளைக்காரி, சாமுவேல் உபதேசியாரை விரும்பிக் கல்யாணம் முடித்தவர் என்று அப்பா சொல்வாரே. அந்த லோயிஸ் ஹார்மனின் அடிவேரைக் கண்டுபிடிக்கத் தொடங்கியிருக்கிறேன். சனிக்கிழமைகளில் நூலகத்தில் கணினிக்கு முன்னால் இருக்கிறேன். தேவாலயத்துப் பழைய பதிவேட்டில் அவருடைய பக்கத்தைப் படி எடுத்து அனுப்புங்கள். தான் எந்தக் குடும்பத்துப் பிள்ளை என்று மாலினியின் கையில் எழுத்தில் கொடுக்கவேண்டும். அதைப் பார்த்தாலாவது பிள்ளைக்குப் புத்தி வரும்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும் தம்பி,
எட்வின்


மானிப்பாய்
18 மார்ச் 2003

அன்புள்ள தம்பி எட்வினுக்கு,

கர்த்தர் கிருபையால் சுகமாயிருக்கிறேன். தைலம் வந்தது, போத்தல் மூடி மட்டும் கழன்று பாதி என் சட்டைத் துணியில் ஊறிவிட்டது. வேதவல்லியிடம் சொல்லாதே, மனவருத்தப்படுவாள். உன் இரத்த அழுத்தம் எப்படி? மாத்திரையை ஒழுங்காக எடுக்கிறாயா?

பூட்டியின் கல்லறைக்குப் போனேன். கல் சரிந்து கிடக்கிறது. ஆனால் எழுத்து வாசிக்கலாம்: "லோயிஸ் ஹார்மன், உபதேசியார் சாமுவேலின் மனைவி, 1876இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள்." வேறொன்றும் இல்லை.

பதிவேடுகளைக் கேட்கிறாய். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு இடப்பெயர்வில் எல்லாம் போய்விட்டன.

இந்த முறை மாங்காய் நல்ல காய்ப்பு. தின்னத்தான் ஆளில்லை. மாலினியை நான் மிகவும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன் அக்கா,
பியற்றிஸ்


மிச்சம்
6 ஏப்ரல் 2003

அன்புள்ள பெரியக்கா,

கடிதம் கண்டேன், சுகமறிந்தேன். நாங்களும் இருக்கிறோம். இரத்த அழுத்தம் ஏறித்தான் இருக்கிறது, ஏன் ஏறாது?

மாங்காயைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நாவலடி ஒழுங்கைக்கும் எங்கள் வீட்டுக்கும் கால் மைல் இருக்குமா?

இங்கே என் பாட்டைக் கேளுங்கள். ஆறு சனிக்கிழமை போய்விட்டது. லோயிஸ் ஹார்மன் 1808இல் வெர்மான்ற் மாநிலத்தில் பிறந்திருக்கிறார் என்பது வரை பிடித்துவிட்டேன். கல்யாணம் முடித்துப் புருஷனோடு மாட்டு வண்டிலில் மேற்கே போயிருக்கிறார்கள். முதலில் ஒஹாயோ, பிறகு அயோவா. அப்போது அங்கே வீதியுமில்லை, கோயிலுமில்லை, வெறும் புல்வெளி. அதற்குப் பிறகு ஆளைக் காணவில்லை. ஏனென்று கேளுங்கள். 1840ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வீட்டுத் தலைவன் பெயரை மட்டும்தான் எழுதுவார்களாம். பெண்சாதி பிள்ளைகளுக்கு வயதுக் கட்டத்தில் ஓர் இலக்கம். என் பூட்டியை நான் தேடிப்போனால் "முப்பது முதல் நாற்பது வயதுப் பெண்: 1" என்று இருக்கிறது. நூலகத்தில் இருந்தபடியே வாய்விட்டுத் திட்டிவிட்டேன். பக்கத்தில் இருந்த கிழவர் எழும்பி வேறு கதிரைக்குப் போய்விட்டார்.

மாலினி வேலையால் வந்து நின்றபடியே சாப்பிட்டுவிட்டு மேலே போய்விடுகிறாள். வேதவல்லி அவளோடும் கதைக்கிறாள், என்னோடும் கதைக்கிறாள், இருவரிடமும் பேச்சு வாங்குகிறாள்.

தயவுசெய்து விசாரித்து எழுதுங்கள்.

தம்பி எட்வின்


மானிப்பாய்
20 மே 2003

அன்புள்ள தம்பி,

நீங்கள் மூவரும் சுகமாக இருக்க நாள்தோறும் ஜெபிக்கிறேன். எனக்குக் காய்ச்சல் வந்து மாறிவிட்டது. அதனால்தான் சுணக்கம்.

நாவலடி ஒழுங்கைக்குப் போனேன். யோகலிங்கத்தின் தமக்கை வீடு ஒழுங்கைத் தொங்கலில், பாதை முடிகிற இடத்தில் இருக்கிறது. சண்டைக்குள் செல் குண்டு விழுந்து பாதிக் கூரை போய், இப்போதுதான் ஓடு போடுகிறார்கள். என்னை வெயிலில் நிற்கவிடாமல் கதிரை எடுத்துப் போட்டார்கள். அயல் வீட்டுப் பெண் தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொண்டுவந்தாள். அவர்கள் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர், எங்கள் கிணற்றைப் போல உவரில்லை. யோகலிங்கம் சகோதரிகள் மூவரையும் லண்டனிலிருந்து உழைத்துத்தான் கரைசேர்த்தாராம். ஒருவரும் அவரைப் பற்றிக் குறையாக ஒரு சொல் சொல்லவில்லை.

நீ ரதீசனை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு நேரம் சோறு கொடுத்தாயா? அவன் மாலினியோடு எப்படிக் கதைக்கிறான் என்று இருந்து பார்த்தாயா? அதை எழுது.

அன்புடன்
பியற்றிஸ் அக்கா


மிச்சம்
8 ஜூன் 2003

பெரியக்காவுக்கு,

சுகம். நீங்களும் சுகமென்று நம்புகிறேன்.

அந்த ஒழுங்கையில் தேத்தண்ணி குடித்தீர்களா? அப்பா இருந்திருந்தால் உங்களை வீட்டுக்குள் விட்டிருப்பாரோ தெரியாது. நான் கேட்டது கிணற்றுத் தண்ணீரைப் பற்றியல்ல. ஆனால் நீங்கள் எழுதாமல் விட்டதிலேயே எனக்கு விடை விளங்கிவிட்டது. மாலினியிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவள் காரணம் கேட்டாள். "எங்கட குடும்பத்துக்குச் சரிவராது" என்றேன். "என்ன குடும்பம் அப்பா? நாங்கள் மூண்டு பேர்தானே இருக்கிறம்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பைகளோடு கொலியர்ஸ் வுட்டில் ஒரு சிநேகிதியின் அறைக்குப் போய்விட்டாள். வேதவல்லி என் முகத்தைப் பார்க்காமல் சோறு போடுகிறாள்.

மற்ற விஷயத்திலும் தலை சுற்றுகிறது. 1850 கணக்கெடுப்பிலிருந்து எல்லோர் பெயரும் எழுதியிருக்கிறார்கள். லோயிஸ் ஹார்மனைப் பிடித்துவிட்டேன், அயோவாவில், விதவை, நாற்பத்திரண்டு வயது, இரண்டு ஆண் பிள்ளைகள். சரி, இதற்குப் பிறகு கப்பல் ஏறியிருப்பார் என்று 1860ஐப் பார்த்தால், அங்கேயே இருக்கிறார். 1870இலும் அங்கேயே. எங்கள் பூட்டி 1853இல் மானிப்பாயில் தாலி கட்டிக்கொண்டவர் என்று அப்பா கைப்பட எழுதி வைத்திருக்கிறார். ஒரே ஆள் எப்படி இரண்டு இடத்தில் இருப்பது? எழுதினவன் யாரோ பிழைவிட்டிருக்கிறான். பதிவேடு மட்டும் இருந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

எட்வின்


மானிப்பாய்
15 ஜூலை 2003

அன்புள்ள தம்பி,

கர்த்தர் உன் வீட்டுக்குச் சமாதானம் தரவேண்டும். முழங்கால் பரவாயில்லை.

அந்த அமெரிக்க மனுஷியை விட்டுவிடு. அவர் செத்து நூறு வருஷத்துக்கு மேல். உன் பிள்ளை உயிரோடு பஸ் போகிற தூரத்தில் இருக்கிறாள். அவளைப் போய்ப் பார். நான் சொல்வதைக் கேள் தம்பி, அந்தப் பெயரைக் கிளறாதே.

பியற்றிஸ் அக்கா


மிச்சம்
3 ஓகஸ்ட் 2003

அன்புள்ள பெரியக்கா,

நாங்கள் சுகம், இங்கே தாங்க முடியாத வெக்கை. மின்விசிறி ஒன்று வாங்க மூன்று கடை ஏறி இறங்கிவிட்டேன்.

விடு என்கிறீர்கள். விடுவதற்கா இவ்வளவு பாடுபட்டேன்? கேளுங்கள், கடைசியில் கைக்கு வந்துவிட்டது. அயோவாவில் லோயிஸ் ஹார்மனின் மகன் வழியில் ஓர் அம்மா இருக்கிறார், மார்ஜரி என்று பெயர். மின்னஞ்சல் போட்டேன், அன்றே பதில். "அப்படியென்றால் நாம் சொந்தக்காரர்கள்" என்று எழுதியிருக்கிறார். லோயிஸ் தன் தங்கைக்கு எழுதிய கடிதக் கட்டு ஒன்று அவர் வீட்டுப் பெட்டியில் இருக்கிறதாம். அதில் இலங்கை என்ற சொல் வருகிற கடிதத்தைத் தேடிப் பிரதி அனுப்புகிறாராம். எனக்கு இரண்டு நாளாக நித்திரையில்லை.

மாலினிக்கும் செய்தி விட்டிருக்கிறேன். டிசம்பரில் நத்தாருக்கு முன் எல்லாவற்றையும் ஒரு புத்தகமாகக் கட்டி அவளுக்குக் கொடுப்பேன். அதற்குப் பிறகும் அவள் நாவலடி ஒழுங்கைக்குத்தான் மருமகளாகப் போவேன் என்றால் போகட்டும் பார்ப்போம்.

சந்தோஷத்துடன்
தம்பி எட்வின்


மானிப்பாய்
12 ஒக்ரோபர் 2003

அன்புள்ள தம்பி எட்வினுக்கு,

உன் சுகத்தை அறியாமல் கவலையாக இருக்கிறேன். ஓகஸ்ட் கடிதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு துண்டும் இல்லை. நான் இரண்டு எழுதிவிட்டேன். பொறுக்க ஏலாமல் கொமினிக்கேசன் கடைக்குப் போய் எடுத்தேன். வேதவல்லிதான் கதைத்தாள். நீ தோட்டத்தில் நிற்கிறாய் என்றாள். அங்கே மழை பெய்கிற சத்தம் தொலைபேசியில் எனக்குக் கேட்டது.

அமெரிக்காவிலிருந்து கடிதம் வந்துவிட்டதோ தம்பி?

உன்
அக்கா


மிச்சம்
2 நவம்பர் 2003

அன்புள்ள பெரியக்காவுக்கு,

எல்லோரும் சுகம். குளிர் தொடங்கிவிட்டது. எங்கள் கவுன்சில் அலுவலகத்தில் ஆட்குறைப்பு நடக்கிறது, எனக்கு வேலை கூடிவிட்டது. அதனால்தான் எழுத நேரம் கிடைக்கவில்லை.

பழைய ஆராய்ச்சியை நிறுத்திவிட்டேன். கண்ணும் பிடிக்கவில்லை. மாலினி விஷயத்தில் என் முடிவில் மாற்றமில்லை. அதைப் பற்றி இனி எழுதவேண்டாம்.

எட்வின்


மானிப்பாய்
30 நவம்பர் 2003

தம்பி,

நீ சுகமாக இல்லை என்று எனக்குத் தெரியும். நானும் சுகமாக இல்லை. மழுப்பி மழுப்பி எழுதி எனக்கே அலுத்துவிட்டது.

பதிவேடு தொலையவில்லை. தொண்ணூற்றைந்தில் சனத்தோடு சனமாக நடந்தபோது நான் சயிக்கிளில் கட்டிக்கொண்டு போனது அந்தப் பதிவேட்டைத்தான். தங்கச்சங்கிலியை விட்டுவிட்டு அதை எடுத்தேன். ஆறு மாதத்தில் திரும்பக் கொண்டுவந்தேன். இப்போது என் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. இடப்பெயர்வில் போய்விட்டது என்றால் ஒருவரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள், நீயும் கேட்கவில்லை.

பக்கத்தின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ கண்ணாடியைத் தேடமுன் நானே சொல்லிவிடுகிறேன். 1846, மிஷன் விடுதியில் சேர்த்த பிள்ளைகள். பெயர் லோயிஸ் ஹார்மன். முன்னைப் பெயர் பொன்னி. வயது பதினொன்று. தகப்பன் கந்தன், மரமேறும் தொழில், வாந்திபேதியில் இறந்தான். ஊர் நாவலடி ஒழுங்கை. உபகாரி: அயோவாவிலுள்ள லோயிஸ் ஹார்மன் அம்மாளும் அவருடைய தையற் சங்கமும். அந்தக் காலத்தில் மிஷனில் அதுதான் வழக்கம். அமெரிக்காவில் யார் ஒரு பிள்ளையைப் பொறுப்பெடுக்கிறார்களோ, அவர்கள் பெயரைப் பிள்ளைக்கு வைப்பார்கள். அந்தப் பக்கத்தில் முப்பது பிள்ளைகள் இருக்கிறார்கள், முப்பதுக்கும் வெள்ளைக்காரப் பெயர். நாங்கள்தான் பெயரைப் பிடித்துக்கொண்டு கப்பலைக் கட்டினோம்.

சாதி என்ற சொல்லை நீ இத்தனை கடிதத்தில் ஓர் இடத்திலும் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். நீ சாதி பார்த்து உன் பிள்ளையை வீட்டை விட்டு அனுப்பினாய்.

இது எனக்கு எப்போது தெரியும் என்று கேட்பாய். 1972இல். நீ லண்டன் போய்ச் சில மாதம். எங்கள் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்த கமலநாதன் மாஸ்ரர் என்னைக் கேட்டு வந்தார். எனக்கும் விருப்பம். அவரும் நாவலடி ஒழுங்கைதான். அப்பா அவரை வாசலோடு திருப்பி அனுப்பினார். நான் போதகருக்குப் பதிவேடு எழுத உதவிக்கொண்டிருந்த காலம் அது. இந்தப் பக்கத்தைக் கண்டு அப்பாவிடம் கொண்டுபோய் விரித்தேன். அவர் பார்க்கக்கூட இல்லை. "எனக்குத் தெரியும்" என்றார். பிறகு, "உன்ரை தம்பி லண்டனிலை தலைநிமிர்ந்து நிக்கோணுமெண்டா வாயை மூடிக்கொண்டிரு" என்றார். மூடினேன். மாஸ்ரர் எண்பத்தேழில் செல் விழுந்து செத்துப்போனார். எனக்குத் தேத்தண்ணி தந்த பெண் அவருடைய தங்கை.

உனக்காக ஒருமுறை வாயை மூடியது போதும். வருஷம் பிறக்கும்வரை பொறுக்கிறேன். அதற்குள் மாலினிக்கு நீயே சொல். இல்லாவிட்டால் இதே பக்கம் கொலியர்ஸ் வுட்டுக்குத் தபாலில் போகும்.

உன்மேல் கோபத்தோடும் அன்போடும்
அக்கா பியற்றிஸ்


மிச்சம்
11 ஜனவரி 2004

அன்புள்ள பெரியக்காவுக்கு,

என்ன சொல்லித் தொடங்குவதென்று தெரியவில்லை. உங்கள் முழங்கால் சுகமாக இருக்கவேண்டும்.

அயோவாக் கடிதம் ஓகஸ்ட் இருபதாம் திகதியே வந்துவிட்டது. வேதவல்லிக்கும் காட்டாமல் வேலைக்குக் கொண்டுபோகும் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். லோயிஸ் ஹார்மன் 1847இல் தங்கைக்கு எழுதுகிறார்: "எனக்குப் பிறந்த மூன்று பெண் பிள்ளைகளும் இந்த மண்ணுக்குள் கிடக்கின்றன. இப்போது இலங்கையில் எனக்கு ஒரு பெண் இருக்கிறாள். என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். தைப்பதில் கெட்டிக்காரியாம். அவள் முகத்தை நான் காணப்போவதில்லை." அதை வாசித்து எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த மனுஷி மேலே, அப்பா மேலே, உங்கள் மேலே. உங்கள் கடிதம் வந்த பிறகுதான் என் மேலே வந்தது. நீங்கள் எனக்காக வாயை மூடிய முப்பத்தொரு வருஷத்துக்கு நான் என்ன எழுதி என்ன?

நத்தாருக்கு முதல் நாள் யோகலிங்கத்தின் கடைக்குப் போனேன். ஆட்கள் குறையும்வரை பால்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். "பிள்ளையளின்ரை விஷயமாக் கதைக்க வந்தனான்" என்றேன். பிறகு அந்தப் பக்கத்தை எடுத்து அவர் முன் வைத்தேன். அவர் கையில் எடுக்கவில்லை.

"தெரியும் அண்ணை" என்றார். "நீங்கள் ஊரிலை எங்களை விசாரிச்ச மாதிரி நாங்களும் உங்களை விசாரிச்சனாங்கள்தானே. பொன்னியை மிஷனுக்குக் குடுத்தது எங்கட பெரியாக்கள் எல்லாருக்கும் தெரியும். உங்கட அப்பா சயிக்கிளிலை எங்கட ஒழுங்கையாலை போகேக்கை ஒருத்தரும் அவரை முறை சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவருக்கு மரியாதைக் குறைவாப் போடும் எண்டு."

பத்து வருஷம் அவர் கையால் மிச்சக்காசு வாங்கியிருக்கிறேன். ஒரு நாளும் அந்த மனிதர் முகத்தில் ஒன்றையும் காட்டியதில்லை. அவர்தான் கதிரை எடுத்துப் போட்டார். தேத்தண்ணி தந்தார், குடித்தேன்.

அன்று பின்னேரமே மாலினியிடம் போனேன். இரண்டு கடதாசியையும் கொடுத்தேன். அயோவாக் கடிதத்தை இரண்டு முறை வாசித்தாள். பதிவேட்டுப் பக்கத்தில் பொன்னி என்ற பெயரை விரலால் தொட்டுப் பார்த்தாள். நான், "இனி எனக்கு ஒரு தடையும் இல்லையம்மா, நீ ரதீசனைக் கட்டு" என்றேன். அவள் என்னைக் கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன், அக்கா.

"அப்பா, இந்தப் பேப்பர் வராட்டி ஓம் எண்டு சொல்லியிருப்பீங்களோ?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல மனம் வரவில்லை. "இல்லை" என்றேன்.

தலையை ஆட்டினாள். கதவுவரை வந்து, குளிருக்கு என் கழுத்துத் துணியைச் சரிசெய்துவிட்டுத்தான் அனுப்பினாள்.

கல்யாணம் மே பதினைந்தாம் திகதி, முதலில் எங்கள் தேவாலயத்தில், பிறகு அவர்கள் முறைப்படி. உங்கள் விசாவுக்கான அழைப்புக் கடிதத்தையும் மற்றப் பத்திரங்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன். கொழும்புக்கு வந்து விண்ணப்பியுங்கள், முழங்காலைச் சாட்டுச் சொல்லவேண்டாம். மாலினியின் கையைப் பிடித்துத் தேவாலயத்துக்குள் கூட்டிக்கொண்டு போவது பெரிய மாமியான நீங்கள்தான் என்று அவள் போதகரிடம் சொல்லிவிட்டாள். போதகர் தகப்பன் இருக்கிறாரே என்றாராம். "ஓம், இருக்கிறார்" என்றாளாம்.

நான் முன்வரிசை வாங்கில் வேதவல்லிக்குப் பக்கத்தில் இருப்பேன். கட்டாயம் வாருங்கள்.

தம்பி எட்வின்